ஒன்பது மடங்கு விலை ஈரல்: மிளகு என்ற நாயின் எட்டு வாரக் கணக்கு

அக்கா வீட்டுச் சமையலறை அலமாரியில் நாய்க்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் நான்கு பைகள். இருப்பதிலேயே சிறிய பைதான் விலை அதிகம். கையில் எடுத்தால் காற்றை அடைத்து விற்றுவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். உள்ளே இருப்பவை உறைய வைத்து உலர்த்திய ஈரல் துண்டுகள். எடைக்கு எடை பார்த்தால், பக்கத்தில் இருக்கும் சாதா நாய் பிஸ்கட்டைப்போல ஒன்பது மடங்கு விலை.

"மாப்பிள்ளை, இவள் போன வாரம் என் காலுறையைத் தின்றாள். அதையும் இதே ரசனையோடுதான் தின்றாள். இதற்குப் போய் ஒன்பது மடங்கா?" என்றார் அத்தான்.

"காலுறையைக் காட்டிக் கூப்பிட்டால் வருவாளா என்று கேள்" என்றாள் அக்கா.

வழக்கு என்னிடம் வந்ததற்குக் காரணம், உணவுப் பொருள்களின் தரம் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்ப்பதுதான். நாய்ப் பயிற்சியில் எனக்குத் தேர்ச்சி எதுவும் கிடையாது. ஆனால் ஒரு துல்லியத் தராசும், பையின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கமும் உண்டு. அக்கா கேட்ட அந்த எதிர்க்கேள்விதான் இந்த ஆய்வின் மையம் என்பது மூன்று வாரம் கழித்தே எனக்குப் புரிந்தது.

நாயும் வீடும்

மிளகு ஐந்து வயதுப் பெண் நாய். கலப்பினம், பெயருக்கேற்ற கறுப்பு. கருத்தடை ஆனவள். ஆய்வு தொடங்கியபோது எடை 14.2 கிலோ. விலாவைத் தடவினால் எலும்பு கையில் படவேண்டும். இவளிடம் அழுத்தித் தேட வேண்டியிருந்தது. 13 கிலோவுக்கு இறக்குங்கள் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். வீட்டுக்குள் சொன்ன பேச்சு கேட்பாள். வெளியே இன்னொரு நாயைக் கண்டுவிட்டால் தன் பெயரே மறந்துவிடும். அக்கா ஈரல் வாங்கத் தொடங்கியது அதற்காகத்தான்.

விலைகளை இங்கே பணமாகச் சொல்லப்போவதில்லை. ஒரு கிராம் சாதா பிஸ்கட்டின் விலையை 1 அலகு என்று வைத்துக்கொள்கிறேன். அக்காவின் மகள் விரும்பி வாங்கிய, 'பிரீமியம்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட மென்மையான சிக்கன் துண்டு கிராமுக்கு 3 அலகு. ஈரல் 9. நான்காவது பையில் பல் சுத்தத்துக்கான மெல்லும் குச்சி. ஒரு குச்சி 40 அலகு. மிளகு இரண்டு வேளையும் உண்ணும் உலர் உணவு இந்தத் தட்டில் சேராது. அது தனி டப்பாவில் இருந்தது. அந்த டப்பா பிற்பாடு கதைக்குள் வரும்.

முதல் வாரம் எதையும் மாற்றவில்லை. குளிர்பெட்டிக் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, யார், எதை, எத்தனை, எதற்காகக் கொடுத்தார் என்று எழுதச் சொன்னேன். 'எதற்காக' என்ற பத்தியைப் போட்டபோது அதில் பெரிதாக எதுவும் வராது என்றுதான் நினைத்தேன். அத்தானின் கையெழுத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் வந்தவை: சும்மா. சும்மா. பார்த்தாள். சும்மா. கதவு திறந்தேன்.

வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்ததில் ஒரு நாள் சராசரி இப்படி இருந்தது. ஐந்து பிஸ்கட், ஆறு மென்துண்டு, எட்டு ஈரல் துண்டு, ஒரு பல் குச்சி. கலோரியாக்கினால் ஏறக்குறைய 257. விலையாக்கினால் 227 அலகு; அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு ஈரலுக்கு.

257 என்ற எண்ணை எதோடு ஒப்பிடுவது? நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதன் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால், அது சும்மா படுத்திருக்கவே தேவைப்படும் கலோரி கிடைக்கும். இருக்கவேண்டிய எடையான 13 கிலோவுக்கு அது 479. கருத்தடை ஆன வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்குவது வழக்கம்: 767. தின்பண்டம் இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை ஊட்டவியலில் பரவலாகச் சொல்லப்படும் எல்லை. அப்படியானால் மிளகுக்கு 77 கலோரி. அவள் வாங்கிக்கொண்டிருந்தது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். காலை மாலைச் சாப்பாட்டைக் குறைக்காமலே.

இது அழகுப் பிரச்சினை இல்லை. 2002-இல் வெளியான ஒரு நீண்டகால ஆய்வில் 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுதும் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு. மற்றவற்றின் ஆயுள் 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் குறைவாகத் தின்றவற்றுக்குத் தாமதமாகத்தான். மூட்டுக்கு நல்லது என்று குளுக்கோசமைன் சேர்த்த விலை உயர்ந்த பிஸ்கட்டைத் தினமும் ஆறு கொடுப்பவர்கள், கொடுக்காத பிஸ்கட்டே மூட்டுக்கு நல்லது என்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம். குளுக்கோசமைனுக்கு நாய்களிடம் கிடைத்திருக்கும் சான்றும் மெலிந்ததுதான்.

பையின் பின்பக்கம்

பையின் முன்பக்கம் விற்பனையாளரின் இடம். 'பிரீமியம்', 'கூர்மே', 'ஹோலிஸ்டிக்' போன்ற சொற்களுக்கு, அமெரிக்கக் கால்நடைத் தீவன விதிகளை வகுக்கும் ஆஃப்கோ எந்த வரையறையும் வைக்கவில்லை. அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ள உள்ளே எதையும் மாற்றவேண்டியதில்லை. அதே ஆஃப்கோ விதியில், 'சிக்கனுடன்' என்று பெயர் வைக்க 3 விழுக்காடு சிக்கன் போதும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 'உடன்' என்பது சின்னச் சொல். அந்தச் சின்னச் சொல்லில் 97 விழுக்காடு வேறு பொருள் ஒளிந்துகொள்ளலாம்.

பொன்னெழுத்துப் பையைத் திருப்பினேன். மூலப்பொருள் பட்டியலில் முதலில் சிக்கன். பிறகு பட்டாணி மாவு, கிளிசரின், பட்டாணிப் புரதம், மரவள்ளி மாவு, பட்டாணி நார். இந்த வரிசை, கலக்கும் நேரத்து எடைப்படி அமைவது. பச்சைச் சிக்கனில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். அந்த நீரோடு நிறுத்துப் பார்த்து அதை முதலிடத்தில் வைக்கிறார்கள். பட்டாணியை மூன்றாகப் பிரித்து மூன்று இடத்தில் எழுதுகிறார்கள். மூன்றையும் சேர்த்து, சிக்கனின் நீரை வற்றவிட்டால், பட்டியலின் தலையில் பட்டாணிதான் உட்கார வாய்ப்பு அதிகம். பொய் எதுவும் எழுதவில்லை, வரிசைதான் பேசுகிறது.

புரத அளவிலும் இப்படி ஒரு கண்கட்டு உண்டு. ஈரப்பதம் வேறுபடும் இரண்டு பொருள்களின் புரதத்தை அப்படியே ஒப்பிடக்கூடாது; நீரைக் கழித்துவிட்டுப் பார்க்கவேண்டும். மென்துண்டில் புரதம் 15 விழுக்காடு, ஈரம் 26. உலர்ந்த பொருள் 74 என்பதால் 15-ஐ 74-ஆல் வகுக்க, 20. சாதா பிஸ்கட்டுக்கு இதே கணக்கில் 12. ஈரலுக்கு 62. அதுவரை சரி. ஒரு சந்தேகத்தில் மிளகின் அன்றாட உலர் உணவுக்கும் போட்டுப் பார்த்தேன்: 26-ஐ 91-ஆல் வகுத்தால் 29. பிஸ்கட்டைவிட மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய 'சிக்கன்' துண்டில், தட்டில் தினமும் விழும் சாப்பாட்டைவிடப் புரதம் குறைவு.

அக்காவின் மகள், "ஆனால் இதில் தானியமே இல்லை மாமா, பார்த்தீர்களா?" என்று காட்டினாள். தானியம் நாய்க்கு விரோதி என்ற எண்ணம் எங்கிருந்து கிளம்பியதோ தெரியாது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு நாய்களிடம் ஓநாய்களைவிடப் பல மடங்கு படிகளாக இருப்பதை 2013-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ்ந்து, மனிதனின் மிச்சத்தைத் தின்று வளர்ந்த வயிறு அது. மறுபக்கம், பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த, தானியமற்ற உணவுகளுக்கும் ஒருவகை இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 ஜூலையில் விசாரணை தொடங்கியது. காரணம் இதுதான் என்று நிறுவப்படவில்லை. தின்பண்ட அளவில் அதைப் பெரிய அச்சமாக்கவேண்டியதும் இல்லை. 'தானியமற்றது' என்பதற்காக மட்டும் கூடுதல் விலை தர ஒரு காரணமும் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஈரல் பையின் பின்பக்கம் ஒரே வரி: ஈரல். நூறு கிராம் உலர் ஈரலுக்கு ஏறக்குறைய 330 கிராம் பச்சை ஈரல் வேண்டும். மீதி நீராகப் போய்விட்டது. ஆகவே ஒன்பது மடங்கு என்பதைப் பச்சை ஈரலாகத் திருப்பினால் கிராமுக்கு 2.7 அலகுதான். நீரை எடுத்ததற்கான கூலியும் அதிலேயே அடக்கம். அந்தக் கூலி வீணா இல்லையா என்பதைத் திடலில்தான் பார்க்கமுடியும்.

எதால் வகுப்பது

விலையைக் கிலோவால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு. அரிசிக்கும் வெங்காயத்துக்கும் அது சரி, சாப்பிடுவது எடையைத்தான். நாய்க்கு நாம் கொடுப்பது எடை இல்லை, ஒரு தருணம். உட்கார்ந்ததற்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று. அந்த ஒன்று ஐந்து கிராமா, கால் கிராமா என்று நாய் நிறுத்துப் பார்ப்பதில்லை. நாய்களை ஓடவிட்டுப் பார்த்த ஒரு 2018 ஆய்வில், பிடித்தமான உணவுக்காக அவை வேகமாக ஓடின. அதே உணவை அதிகமாக வைத்ததற்காக வேகம் கூடவில்லை.

ஆய்வுக்கூடத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பிஸ்கட் 5 கிராம், 5 அலகு, 17 கலோரி. ஒரு மென்துண்டு 3 கிராம், 9 அலகு, 10 கலோரி. ஒரு முழு ஈரல் துண்டு ஒன்றரை கிராம், 13.5 அலகு, 6.5 கலோரி. இப்படியே விட்டால் அத்தான் ஜெயித்தார். ஆனால் ஈரலை நகத்தால் கீறினாலே பிளந்துவிடும். ஒரு துண்டை ஐந்தாக்கினால் ஒவ்வொன்றும் 0.3 கிராம், துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிது. விலை 2.7 அலகு. அத்தான் முழுசாக எறியும் பிஸ்கட்டில் பாதி.

"அப்படியானால் பிஸ்கட்டையும் உடைக்கலாமே" என்றார் அவர். நியாயம். நான்காக உடைத்தோம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.25 அலகு. மேசை முழுக்கத் தூள். உடைத்ததை எல்லாம் கூட்டி நிறுத்தால் கால் பங்கு தூளாகிப் போயிருந்தது. அதை மிளகு தரையில் நக்கிச் சுத்தம் செய்தாள். பயிற்சியில் இதுவே தொல்லை: நாய் உங்கள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்கத் தொடங்கும். எப்படியோ, இப்போது வித்தியாசம் ஒன்பது மடங்கிலிருந்து இரண்டு மடங்காக இறங்கிவிட்டது. அந்த இரண்டு மடங்குக்கு ஈரல் வேலை செய்கிறதா என்பதே மீதிக் கேள்வி.

இரண்டு கிண்ணம்

எது பிடிக்கும் என்று பார்க்க இரண்டு கிண்ணச் சோதனை. இரண்டையும் முகரவிட்டு, ஒரே நேரத்தில் தரையில் வைத்து, எதில் முதலில் வாய் வைக்கிறாள் என்று குறித்துக்கொள்வது. எளிதாகத் தோன்றும். முதல் பத்து முறையில் ஒன்பது முறை இடப்பக்கம் போனாள். இடப்பக்கத்தில் ஈரல் இருந்தபோதும் இடது, பிஸ்கட் இருந்தபோதும் இடது. கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது: நான் வலக்கைப் பழக்கக்காரன், எழும்போது என் வலது முழங்கால் அவள் பக்கம் நீண்டது. அவள் என் முழங்காலைத் தவிர்த்திருக்கிறாள். அந்தப் பத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, பக்கத்தை மாற்றி மாற்றி வைத்து மீண்டும் இருபது முறை எடுத்தேன்.

ஈரலுக்கும் பிஸ்கட்டுக்கும் 19–1. மென்துண்டுக்கும் பிஸ்கட்டுக்கும் 13–7. நாணயத்தைச் சுண்டிப்போட்டாலே வரக்கூடிய எண்ணுக்கு அருகில். ஈரலுக்கும், உப்பில்லாமல் வேகவைத்த சிக்கனுக்கும் 11–9. அதாவது வித்தியாசம் இல்லை. கடைசி எண் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. பையில் போட்டு விற்காத ஒரு பொருள் ஈரலுக்குச் சமமாக நின்றுவிட்டது.

விருப்பம் வேறு, பயன் வேறு. நாயின் நாவில் சுவை மொட்டுகள் ஏறக்குறைய 1,700. நமக்கு 9,000 வரை. அதன் தீர்ப்பு பெரும்பாலும் மூக்கில் முடிந்துவிடுகிறது. போதாததற்குச் சில நாய்களுக்குப் பசியே அடங்காது. லாப்ரடார்களில் பலவற்றிடம் போம்க் என்ற மரபணுவின் ஒரு பகுதி குறைந்திருப்பதையும், அவை உணவுக்காக அலைவதையும் 2016-இல் கண்டறிந்தார்கள். ஆகவே 'என் நாய் இதை எப்படித் தின்கிறது பாருங்கள்' என்பது எந்தத் தின்பண்டத்துக்கும் சான்றிதழ் ஆகாது. காலுறைக்கும் அதே சான்றிதழ் கிடைத்திருக்கிறதே.

திடலில்

கூப்பிட்டால் வருவதை மூன்று இடத்தில் சோதித்தோம்: வீட்டுக்குள், ஆளில்லாத திடலில், வேறு நாய்கள் இருக்கும்போது திடலில். நீளக் கயிறு கட்டி, ஒரே ஒரு முறை கூப்பிடுவது. ஐந்து எண்ணுவதற்குள் திரும்பி நடந்தால் ஒரு மதிப்பெண். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பொருளுக்கும் பத்து அழைப்பு, நாள்களைக் கலைத்துப் போட்டு, நான்கு வாரம். உலர் உணவையும் ஒரு போட்டியாளராகச் சேர்த்தேன். அளவுகோலுக்கு அடிக்கோடு வேண்டுமே.

வீட்டுக்குள் எல்லாமே பத்துக்குப் பத்து. உலர் உணவு உட்பட. அந்த ஒரு வரியே அத்தானின் ஐந்து பிஸ்கட்டையும் மகளின் ஆறு மென்துண்டையும் தேவையற்றதாக்கிவிட்டது.

ஆளில்லாத திடலில் உலர் உணவு 8, பிஸ்கட் 8, மென்துண்டு 9, ஈரல் 10. பெரிதாக எதுவும் இல்லை.

வேறு நாய்கள் இருந்தபோதுதான் கோடு பிரிந்தது. உலர் உணவு 2. பிஸ்கட் 3. மென்துண்டு 4. ஈரல் 8. அந்த எட்டில் ஒன்றை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இருபதடி தூரத்தில் ஒரு பழுப்பு நாய். மிளகின் காது முன்னால், வால் விறைப்பு, ஒரு முன்னங்கால் தரையைவிட்டு எழுந்து நிற்கிறது. அக்கா கூப்பிட்டாள். உடம்பு அசையவில்லை, மூக்கு மட்டும் எங்கள் பக்கம் திரும்பி இரண்டு முறை சுருங்கியது. பிறகு தலை, பிறகு தோள், கடைசியாகக் கால்கள். மூக்குதான் அவளை இழுத்துக்கொண்டு வந்தது.

வேகவைத்த சிக்கனையும் அங்கே பத்து முறை பார்த்தோம்: 7. ஈரலுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் அக்காவின் சட்டைப்பை நனைந்து, விரல் பிசுபிசுத்து, மிச்சத்தை வீட்டுக்கு வந்தவுடன் குளிரில் வைக்கவேண்டியிருந்தது. நீரை எடுத்த கூலி என்று முன்பு சொன்னேனே, அதற்குக் கிடைப்பது இதுதான்: கெடாமல், வழியாமல், எப்போதும் பையில் கிடக்கும் வசதி. வேகவைக்க நேரமும் துடைக்கப் பொறுமையும் இருப்பவர் அந்தக் கூலியைக் கொடுக்கவேண்டியதில்லை.

கெட்டுப்போன ஒரு நாள்

மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, உலர் உணவு நாள். வேறு நாய்கள் இருந்தன. ஐந்து அழைப்பில் நான்குக்கு வந்தாள். மற்ற நாள்களில் பத்துக்கு இரண்டு வந்தவள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை நாள் எண்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து இடுப்புப்பையைத் திருப்பிப் பார்த்தேன். முந்தின நாள் ஈரல் வைத்த பை. கழுவவில்லை. மடிப்பெல்லாம் பழுப்புத் தூள். அதில் புரண்ட உலர் உணவு மணிகள் எல்லாம் ஈரல் வாடை.

அந்த நாளைக் கணக்கிலிருந்து நீக்கினேன். ஆனால் அந்தத் தவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈரல் பை முடியும்போது அடியில் ஒரு பிடி தூள் மிஞ்சும்; அக்கா அதைக் குப்பையில் தட்டிவிடுவாள். அடுத்த பை முடிந்தபோது அந்தத் தூளை மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியில் கொட்டி, மிளகின் காலைச் சாப்பாட்டிலிருந்து ஒரு கைப்பிடி மணியை எடுத்துப் போட்டு, குலுக்கி, இரவு முழுக்க வைத்தேன். மறுநாள் முதல் நாய்கள் இருக்கும் திடலில் பத்து அழைப்பு. 6.

வெறும் உலர் உணவு 2, தூள் ஏறிய உலர் உணவு 6, முழு ஈரல் 8. மணியின் சத்து மாறவில்லை, சுவையும் ஏறக்குறைய அதேதான். மாறியது வாடை. பயிற்சியால் அவளே தேறிவிட்டாளோ என்ற ஐயத்துக்காகக் கடைசி வாரத்தில் வெறும் உலர் உணவை மீண்டும் பத்து முறை பார்த்தேன்: 3. கொஞ்சம் தேறியிருக்கிறாள், ஆறு அளவுக்கு இல்லை. ஒரே நாய், பத்துப் பத்து அழைப்பு. இதை வைத்து உலகத்து நாய்களுக்கெல்லாம் சட்டம் எழுதமுடியாது. ஆனால் இந்த வீட்டில் என்ன வாங்குவது என்று முடிவெடுக்க இது போதும்.

அரிதாக இருப்பதும் வேலையின் பாதி. 1928-இல் டிங்கிள்பா என்ற உளவியலாளர், குரங்கின் கண்ணெதிரே வாழைப்பழத்தை மூடி வைத்து, ரகசியமாக அதை எடுத்துவிட்டுக் கீரை இலையை வைத்தார். மூடியைத் திறந்த குரங்கு, வேறு நேரத்தில் விரும்பித் தின்னும் அதே இலையைத் தொட மறுத்தது. முதல் வாரத்தில் மிளகு இரவுச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்ததை நோட்டில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்கள். சமையலறையில் சும்மா நிற்பதற்கே ஈரல் கிடைக்கும்போது, தட்டில் இருப்பது கீரை இலை.

கணக்கில் வராத செலவு

பல் குச்சியைத் தனியாகச் சொல்லவேண்டும். மற்ற பொருள்களைப்போல அதைக் கூப்பிட்டுச் சோதிக்கமுடியாது. 1997-இல் தொடங்கிய கால்நடை வாய்நலக் குழு ஒன்று, உற்பத்தியாளர் தரும் சோதனை முடிவுகளைப் பார்த்து, பற்படலத்தையோ பற்காரையையோ குறைப்பதாகத் தெரிந்தால் வி.ஓ.எச்.சி. என்ற முத்திரையை அனுமதிக்கிறது. அந்த முத்திரை இருக்கும் குச்சிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். அக்கா வாங்கியதில் இருந்தது. ஆனால் ஒரு குச்சி 60 கலோரி. ஒருநாள் விட்டு ஒருநாள் குச்சி, இடைப்பட்ட நாளில் பிரஷ் என்று முடிவுசெய்தோம். பிரஷ்தான் இரண்டில் சிறந்தது, ஆனால் செய்யவேண்டுமே.

இயற்கையானது, பல மாதம் வரும் என்று சொல்லி விற்ற மான்கொம்பு ஒன்றை என் பழைய நாய்க்கு வாங்கிக் கொடுத்தவன் நான். மூன்றாம் வாரம் மேல்தாடைப் பெரிய கடைவாய்ப் பல் சீவினாற்போல உடைந்தது. மயக்கம் கொடுத்துப் பிடுங்கவேண்டி வந்தது. கொம்பு, குளம்பு, கெட்டி எலும்பு எதுவானாலும், கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழவேண்டும். விழாவிட்டால் அது பல்லுக்கு ஆகாத கெட்டி. நான் வாங்கிய தின்பண்டங்களிலேயே அதிக விலை அந்தக் கொம்புதான். பையில் அச்சிட்ட விலையைச் சொல்லவில்லை.

விலை, பாதுகாப்புக்கு ஜாமீனும் இல்லை. 2007 முதல் உலர் இறைச்சித் துண்டு தின்ற நாய்களுக்கு நோய் வந்ததாக எஃப்.டி.ஏ.வுக்குப் புகார்கள் குவிந்தன. 2013 அக்டோபருக்குள் ஏறக்குறைய 3,600 நாய்கள், 580 இறப்புகள். பல ஆண்டு தேடியும் ஒற்றைக் காரணம் பிடிபடவில்லை. உறைய வைத்து உலர்த்துவதும் கிருமியைக் கொல்வதில்லை, உறங்கவைக்கிறது. சால்மோனெல்லா ஈரம் பட்டால் எழுந்துகொள்ளும். ஈரலைத் தொட்ட கையை, முக்கியமாகக் குழந்தையின் கையை, சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். ஈரலில் உள்ள வைட்டமின் ஏ உடலில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் 'இயற்கைதானே' என்று கைநிறையக் கொடுப்பதும் கூடாது.

எட்டாவது வாரம்

வீட்டுக்குள் எல்லாப் பரிசும் மிளகின் சொந்தச் சாப்பாட்டிலிருந்து எடுத்த மணிகள். ஆளில்லாத திடலுக்குத் தூள் புட்டி மணிகள். இன்னொரு நாய் தெரிந்தால் மட்டும் ஈரல், அதுவும் 0.3 கிராமாக, நாளொன்றுக்குப் பதினைந்துக்குள். மென்துண்டு நின்றுபோயிற்று. மகளுக்கு வருத்தம்தான், ஆனால் 20-க்கும் 29-க்கும் உள்ள வித்தியாசத்தை அவளே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

தின்பண்டக் கலோரி 257-இலிருந்து 67 ஆயிற்று. செலவு 227 அலகிலிருந்து 65. அந்த 65-இல் 40 ஈரலுக்கே போகிறது. விலை உயர்ந்த பையை வாங்கிக்கொண்டேதான் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. எடை 13.4 கிலோ. விலா எலும்பு கையில் படுகிறது.

இருவரில் யார் சரி என்று அத்தான் விடாமல் கேட்டார். ஈரல் விஷயத்தில் அக்கா சரி, ஆனால் அவள் கொடுத்த இடம் தவறு என்றேன். மென்துண்டு வாங்கியது சுத்த விரயம்.

"என் பிஸ்கட்?"

"பிஸ்கட்டில் குற்றமில்லை அத்தான். 'சும்மா'வில்தான்."

ஒரு பிஸ்கட்டை மட்டும் அவருக்கென்று விட்டுவைத்தோம். அதை நான்காக உடைத்து, இரவு படுக்கப் போகும்போது கொடுக்கிறார். 67 கலோரியில் அதுவும் அடக்கம். குளிர்பெட்டிக் கதவில் நோட்டு இன்னும் தொங்குகிறது. 'எதற்காக' பத்தியில் ஒவ்வொரு இரவும் அவர் கையெழுத்தில் ஒரு 'சும்மா' விழுகிறது. தூள் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டும் அதே கையெழுத்துதான்: குப்பையில் கொட்டாதே.